விலாவிடம் வாங்கிய கடன்

கயிறு சுற்றும் எந்திரத்துக்கு
என் இடக்கையைப் பிடித்துவிட்டது.
மட்டிப் பண்ணைப் படகில், தல்காவே கரைக்கு எதிரே,
ஒரே ஒரு இழுப்பு.
ரத்தமில்லை. எலும்பு முறியவில்லை.
"ஒன்றுமில்லை, இஸ்மேனியா" என்றான் படகோட்டி.
ஒன்றுமில்லைதான்.
தோளுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

புவெர்ட்டோ மோன்ட்டில், ஒரு ரசீதின் பின்புறம்,
டாக்டர் ஓயார்சுன் படம் வரைந்தார்.
கழுத்திலிருந்து ஐந்து வேர்கள்
கூடி, பிரிந்து, மறுபடி கூடி,
திருவிழா நாள் பஸ் நிலையம் மாதிரி இருந்தது.
இது தோளைத் தூக்கும், இது மணிக்கட்டை நிமிர்த்தும்
என்று சொல்லிக்கொண்டே வந்தவர்
ஐந்தையும் பேனாவால் அடித்தார்.
"தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன.
விரல்களை மறந்துவிடுங்கள்.
முழங்கைக்கு மட்டும் கடன் வாங்கிப் பார்க்கலாம்."

கடன் கொடுத்தது விலா.
மூச்சுக்கென்று அங்கே ஓடிக்கொண்டிருந்த மூன்று நரம்புகளை
அக்குள் வழியாகத் திருப்பி
முண்டாவுக்குப் போகும் நரம்போடு தைத்தார்கள்.
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம்.
நகம்கூட இவ்வளவு யோசிக்காது என்று நினைத்தேன்.
(தப்பு. நகம் இன்னும் மெதுவாம்.)

தொட்டால் தெரியாத கை
இரவில் மட்டும் அடுப்புக்குள் கிடந்தது.
பகலில் ஒரு பெண் வந்து
"மூச்சை இழு, கையை நினை" என்பாள்.
இழுத்தேன். நினைத்தேன்.
மழை பெய்தது. மழை பெய்தது.

ஒன்பதாம் மாதம், சாக்காவோ ஃபெரியில்,
தும்மினேன்.
சட்டைக்குள், தூண்டிலைச் சிறுமீன் தொட்டுப்பார்ப்பது போல
ஏதோ ஒன்று.
வீடு வரும்வரை பொறுக்காமல்
பக்கத்துக்காரியின் மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி முகர்ந்தேன்.

பிறகு இருமினால் மடங்கியது. சிரித்தால் மடங்கியது.
கணவனோடு சண்டை போடும்போது
பேசுவதற்கு முன் மூச்சிழுப்பேன் அல்லவா,
அந்தக் கை முந்திக்கொண்டு எழும்.
நொல்பெர்ட்டோ இரண்டடி தள்ளியே நிற்பான்.

அண்ணன் எவரிஸ்தோவை அடக்கம் செய்த அன்று
அழுவதில்லை என்றுதான் இருந்தேன்.
ஒரு விக்கல்.
கேட்காமலே கை நெஞ்சுக்கு ஏறியது.
இடக்கையால் சிலுவை போடுகிறாள் என்று
பின்வரிசையில் முணுமுணுத்தார்கள்.

இப்போது மூச்சு வேண்டாம்;
நினைத்தால் மடங்குகிறது.
விரலில்லாத விரல்களுக்கு மேலே
உருளைக்கிழங்குப் பையை மாட்டிக்கொண்டு
சந்தையிலிருந்து நடந்தே வருகிறேன்.
பாதி வழியில் பேச்சுக்கூட கொடுக்கிறேன்.

ஆனால் தூக்கத்தில், நொல்பெர்ட்டோ சொல்கிறான்,
போர்வைமேல் அது
நான் இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும்
கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்குகிறதாம்.
நான் பார்த்ததில்லை.
விழித்தால் நிறுத்திவிடுகிறது.