முப்பது

தொப்பூர் இறக்கத்தில் பலகை சொன்னது முப்பது.
போனில் முதலாளி சொன்னது
ஆறுக்குள்ள சேலம்.
இரண்டுக்கும் நடுவில்
நூற்றுப்பத்துப் பெட்டி பாலக்கோட்டுத் தக்காளி,
கதவில் தலை சாய்த்துத் தூங்கும் சென்றாயன்,
நான்.

மறுநாள் மத்தியானம் குறுஞ்செய்தி:
எழுபத்தொன்று. அபராதம் ஆயிரம்.
கூடவே ஒரு படம்.
விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன்.
நம்பர் பளிச்சென்று இருக்கிறது.
கண்ணாடிக்குப் பின்னால் கருப்பாக ஏதோ,
அதுதான் நானாம்.
டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விட்டது
அதில் தெரியவில்லை.

"ஓட்டுனது நீதானே மாதையா?"
படியில் பிடித்துக்கொண்டார்.

இன்றைக்கு இரண்டாம் கியரில் இறங்கினேன்.
பின்னால் வந்தவனெல்லாம்
என் அம்மாவைக் கூப்பிட்டுப் போனான்.
மூன்றாவது வளைவில்,
உடைந்து கட்டிய தடுப்புச்சுவரில்
புதுச் சிமெண்ட் மட்டும் வெளுத்திருப்பதை
அப்போதுதான் பார்த்தேன்.
சென்றாயன் திடுக்கிட்டு விழித்து
"வண்டி நின்னுபோச்சா அண்ணே?" என்றான்.

ஏழு மணிக்கு மண்டியில்
கிலோவுக்கு மூன்று ரூபாய் இறங்கியிருந்தது.
அதையும் என் படியில்தான் பிடித்தார்.
அதற்குப் படம் எதுவும்
வரவில்லை.