வாலாட்டம்

குளியலறை எடை மெஷினை முற்றத்துக்குத் தூக்கி வந்து
ட்ரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினாள் வெர்னா.
முப்பத்தெட்டு கிலோ.
போன வாரம் அதே மெஷினில்
ஆர்லோ ஏறி நின்றபோது ஐம்பத்தொன்பது.
இரண்டுமே போதாது என்றாள்.

படகின் பின்தட்டில் கிடந்த
நங்கூரம், பேட்டரி, ஐஸ்பெட்டி
ஒவ்வொன்றாய் முன்னுக்கு வந்தன.
பின்பாரம் மிஞ்சினால் வாலாட்டும்.
எண்பத்தெட்டு. சரி.
சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில்
பெருக்கல் குறியாய் மாட்டினாள்.

இருபத்தேழு வயது ஃபோர்டு.
மிச்சிகன் குளிர்காலங்களின் சாலை உப்பு
கதவின் கீழ்விளிம்பைத் தின்றிருந்தது.
கியர்பெட்டிக்குப் புது எண்ணெய் ஊற்றியது
கீமோ இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை.

மார்க்கெட்டுக்கு இறங்கும் சரிவில்
மரலாரி ஒன்று உரசுவதுபோல் கடந்தது.
பின்னால் படகு
ஒருமுறை இடம், ஒருமுறை வலம்,
பிறகு இன்னும் அகலமாய்.

இல்லாத பிரேக்கைத் தன் பக்கத்துத் தரையில்
ஓங்கி மிதித்தான் ஆர்லோ.
அவள் மிதிக்கவில்லை.
ஸ்டியரிங்கோடு மல்லுக்கு நிற்கவுமில்லை.
ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள்,
கைப்பிடியை அமுக்கி
ட்ரெய்லருக்கு மட்டும் பிரேக் கொடுத்தாள்.
வால் அடங்கியது.
யாரும் எதுவும் பேசவில்லை, மூன்று மைல்.

பெட்ரோல் பங்கில் இறங்கி
சக்கரக் குடங்களை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள்.
வெதுவெதுப்பு. பரவாயில்லை.
"எனக்கும் பாரேன்" என்று நெற்றியை நீட்டினான்.
பார்த்தாள்.
நான்கு விரல் கிரீஸ் அங்கேயே நின்றுவிட்டது.

சுப்பீரியர் ஏரியின் இறங்குதளத்தில் பாசி.
பின்சக்கரம் வழுக்கத் தொடங்கியதும்
மரக்கட்டையோடு இறங்கினான் ஆர்லோ.
இப்போது அவனால் தூக்க முடிவது
அவ்வளவுதான்.
சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான்.
வண்டி நின்றது.