நாலரை அடி

மணிக்கு மூவாயிரம் லிட்டர் என்றது பெட்டி.
"அது படுத்துக்கிடக்குற தண்ணிக்கு" என்றார்
செக்காலை ரோடு மீன்கடை சாத்தப்பன்.
"உங்க தொட்டி சம்ப்புலேர்ந்து எத்தனை அடி உசரம்?"

நாலரை.
எல்போ இரண்டு.
அடிக்கு இவ்வளவு என்று கப்பம் கட்டி
மேலே வந்து சேர்வது
பாதிக்கும் குறைவு.

பெரியதாக வாங்கலாம்தான். இரையும்.
அடைக்கம்மைக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை;
பகலில் தொட்டி இருக்கும் அறையில்தான் உறக்கம்.

சின்னதையே வாங்கினேன்.
வாளியும் கைக்கடிகாரமுமாய் உட்கார்ந்து அளந்தேன்:
ஆயிரத்து இருநூறு.
மீன்கள் குறை சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
ஏறிய தண்ணீர் குழாய்வழியே திரும்பி இறங்கி
சம்ப்பின் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே
நின்றது.
மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அவள் விழித்தாள்.
"என்னத்த நிப்பாட்டுனீங்க?"