அறுபத்தொன்று

காலை ஐந்தே காலுக்கு என் திரையில்
நாற்பத்திரண்டு லாரி ஓட்டிகளின் இரவு வந்து சேரும்,
ஆளுக்கு ஓர் எண்ணாக.
கடல் மட்டத்துக்கு நாலாயிரத்து நானூறு மீட்டர் மேலே,
செம்பு வெட்டும் குழியின் விளிம்பில் எங்கள் முகாம்.
கீழே இக்கீக்கேயில் ஐம்பத்தெட்டாய் உறங்கிய இதயம்
இங்கே முதல் இரவிலேயே எழுபதைத் தாண்டும்.
இளைப்பு ஆறுவதைத்தானே இளைப்பாறல் என்கிறோம்?
இங்கே அது ஆறுவதில்லை.

கடிகாரம் கொடுத்த அன்று கம்பெனி ஆள் விளக்கினான்:
முதுகுப் பக்கம் பச்சை விளக்கு.
ரத்தத்துக்குப் பச்சை பிடிக்கும், விழுங்கிவிடும்.
ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் பொங்க
திரும்பி வரும் வெளிச்சம் ஒரு மயிரிழை மங்கும்.
அந்த மங்கலை எண்ணுகிறது, அவ்வளவுதான்.
கை அசைகிறதா என்று வேறொரு சில்லு காவல் இருக்கும்.
அசையாத நேரங்களைச் சேர்த்து வைத்து
அதிலும் தாழ்ந்ததைப் பொறுக்கி
விடிகிறபோது 'ஓய்வு' என்று பெயரிடும்.

பின்வரிசையிலிருந்து எவாரிஸ்தோ மோல்லோ கேட்டார்:
"அசையாமல் படுத்துக்கொண்டு கவலைப்பட்டால்?"
கம்பெனி ஆள் சிரித்தான்.
அடுத்த ஸ்லைடுக்குப் போனான்.

குளிரில் ரத்தம் கையை விட்டு உள்ளே ஒதுங்கும்;
வெளிச்சம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும்.
ஹெர்மினியாவின் இடது மணிக்கட்டு முழுக்கக் கறுப்பு மை,
முன்னாள் கணவனின் பெயர்.
அதன்மேல் கட்டினால் வெறும் கோடுகள்.
"அவனுக்கு இதயம் கிடையாதென்று நான் அப்போதே சொன்னேனே!"
வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

மோல்லோவுக்கு முதலில் எழுபத்தாறு.
எண்பத்தொன்று. எண்பத்துமூன்று.
எண்பத்தைந்து தாண்டினால் அன்று ஸ்டியரிங் தொடக்கூடாது,
அரைக் கூலி.
பிறகு ஒரு வியாழன், அறுபத்தொன்று.
வெள்ளி, அறுபத்தொன்று.
சனி, அதே.
இந்த உயரத்தில் மாரத்தான் ஓடுகிறவனுக்கு வரலாம்,
புனிதருக்கு வரலாம்,
கோக்கா இலை குதப்பும் ஐம்பத்துமூன்று வயது டிரைவருக்கு
வராது.

ஞாயிறு அதிகாலை இரண்டு மணி. அறை எண் பதினேழு.
கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை.
விரித்த கட்டிலில் மடிப்புக் கலையவில்லை.
தலையணை மேல் ஒரு மர்ராக்கெட்டா ரொட்டி,
இடுப்பில் கறுப்புப் பட்டை இறுக்கி
அடியில் பச்சை மினுங்க.

குனிந்து பார்த்தேன்.
மேலோட்டில் பட்டுச் சிதறிய வெளிச்சத்தைத்
துடிப்பென்று நம்பி
நிமிடத்துக்கு அறுபத்தொன்று எண்ணிக்கொண்டிருந்தது.
எண்ணவே பழகியதற்கு
ஒன்றுமில்லை என்று சொல்ல வராது போல.

வேலியோரம், சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையில் இருந்தார்.
போர்வைக்குள் போன்.
போனுக்குள் ஆன்டோஃபகாஸ்தா மருத்துவமனை, தம்பியின் படுக்கை.
இருவரும் பேசவில்லை.
அந்தப் பக்கம் மூச்சு தரும் மெஷின்,
இந்தப் பக்கம் காற்று.

"பகலை விற்றேன், லுட்மிலா. ஒத்துக்கொள்கிறேன்.
இரவு எப்போது விலைபோனது, எனக்குத் தெரியாமல்?"

என்னிடம் பதில் இல்லை.
முந்நூறு டன் லாரி இருந்தது, வளைவுகள் இருந்தன,
விடிய நாலு மணி நேரம் இருந்தது.
கையுறையைக் கழற்றி அவர் மணிக்கட்டில்
இரண்டு விரல் வைத்தேன்.
நாடிப் போய்ப் பிடித்தால்தான் நாடி.
பதினைந்து நொடிக்கு இருபத்துமூன்று.
உட்கார்ந்தபடி, அசையாமல்,
தொண்ணூற்றிரண்டு.

"இன்று வண்டி கிடையாது" என்றேன்.
தலையாட்டினார், யாராவது சொல்லட்டும் என்று
காத்திருந்தவர்போல.

படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
தம்பி என்று எழுதினேன்.
கணினி ஏற்கவில்லை.
பட்டியலில் அப்படியொரு காரணம் இல்லையாம்.

பட்டையை அவிழ்த்து ரொட்டியைப் பிய்த்தோம்.
நாலு நாள் பழசு, கல் மாதிரி.
தேநீரில் முக்கி முக்கித் தின்றோம்.
மேஜைமேல் மல்லாந்த கடிகாரம்
கூரையை நோக்கிச் சற்று நேரம்
பச்சையை வீசி வீசித் தேடியது.

ஐந்தே காலுக்குத் திரையில்
நாற்பத்தோர் எண்.