பீட்ரூட் நிற ஜன்னல்

உலான்பாத்தரில் ஜனவரி. விடிகாலை ஐந்து.
மைனஸ் முப்பத்தொன்று என்கிறது கைபேசி,
நான் கேட்காமலே.

என் போர்வைக்குள் ஒரு வக்கீல் குடியிருக்கிறான்.
தினமும் புதுசாக ஒரு வாதம்.
"தொண்டை கரகரக்கிறதே."
"இரண்டு முறை தோற்றவளுக்கு மூன்றாவது எதற்கு?"
"நாற்பத்தொரு வயதில் ஆடிட்டர் ஆகி
எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறாய், துல்மா?"
கெட்டிக்காரன். காசு வாங்காமல் பேசுகிறவன்.
அவனிடம் நான் ஜெயித்ததே இல்லை,

அக்டோபர் வரை.

அக்டோபரில்தான் எதிர்க்கட்டடத்தைப் பார்த்தேன்.
ஏழாவது மாடி, ஓரத்து ஜன்னல்.
ஊரே நிலக்கரிப் புகையில் முகம் புதைத்துக் கிடக்க
அது மட்டும் எரிந்துகொண்டிருந்தது,
நறுக்கிய பீட்ரூட்டின் நிறத்தில்.
சரியாக ஐந்துக்கு.
ஞாயிற்றுக்கிழமையும் ஐந்துக்கு.

யாரோ எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து வக்கீல் வாயைத் திறந்தால்
திரையை விலக்கிக் காட்டுவேன்.
இருமிக்கொண்டே உள்ளே போய்விடுவான்.

எதிர்வீட்டுக்காரரை நானே
கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து முடித்தேன்.
முதலில் தையல்காரராக இருந்தார்.
பிறகு குதிரைத்தலை ஃபிடில் பழகும் பெண்,
அக்கம்பக்கம் தூங்கட்டுமென்று
நாண்களில் துணி சுற்றி வாசிப்பவள்.
தேய்மானக் கணக்கு நேராகாத நாளில்
அவள் மேல் எரிச்சல்கூட வந்தது:
உனக்கென்னம்மா, உனக்கு எழுவது சுலபம்.

வெள்ளை மாதப் பண்டிகைக்கு
இறைச்சிக் கொழுக்கட்டை ஒரு டப்பா நிறைய
ஆவி பறக்க எடுத்துக்கொண்டு
ஏழு மாடி ஏறினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை.

கதவைத் திறந்தவர் காவல்கார அம்மா கந்த்சுரேன்,
கையில் தண்ணீர்க் குவளையோடு.
"சுல்தெமா? அவர் அக்டோபரிலேயே
கோபிச் சுரங்கத்துக்குப் போய்விட்டாரே.
விளக்கு இதற்காக வைத்தது.
தானே எரியும், தானே அணையும்.
வியாழக்கிழமை நான் வந்து தண்ணீர் ஊற்றுவேன்."

இது என்பது ஓர் எலுமிச்சைச் செடி.
முழங்கால் உயரம். ஓர் இலை மஞ்சளாகியிருந்தது.

இறங்கும்போது மூன்றாவது மாடியில்
படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
நான்கு மாதம்
ஒரு சுவிட்சோடு போட்டி போட்டிருக்கிறேன்.
இரண்டு கொழுக்கட்டை தின்றேன். ஆறிப்போயிருந்தன.

மறுநாள் வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை.
"பார்த்தாயா? அங்கே யாருமே இல்லை!"
திரையை விலக்கினேன்.
யாருமில்லாத அறையில் வழக்கம்போல் வெளிச்சம்.
"அங்கே இல்லை, சரி.
இத்தனை நாள் இங்கே எழுந்தது யார்?"
அதற்கும் பதில் வைத்திருந்தான்,
எப்போதும் வைத்திருப்பான்.
ஆனால் நான் ஏற்கெனவே
அடுப்பில் உப்புத் தேநீரை வைத்திருந்தேன்.
அது பொங்கும் சத்தத்தில்
அவன் சொன்னது காதில் விழவில்லை.

மார்ச்சில் சுல்தெம் திரும்பினார், விளக்கு நின்றது.
ஏப்ரலில் தேர்வு.
நாலு மதிப்பெண்ணில் போயிற்று.
ஜூன், ஜூலை முழுக்கத் தூங்கினேன்,
கரடிக்கும் வெட்கம் வரும்படி.

பிறகு, ஏனென்று தெரியவில்லை,
ஒரு செவ்வாய்க்கிழமை விழித்துக்கொண்டேன்.
புதன் இல்லை. வியாழன் இல்லை. வெள்ளி எழுந்தேன்.
கணக்கு எழுதுகிறவள், குறித்து வைத்திருக்கிறேன்:
ஒரு வாரம் நாலு நாள், ஒரு வாரம் இரண்டு,
ஒரு வாரம் பூஜ்ஜியம், அதற்குப் பக்கத்தில்
சிவப்பு மையில் என் கையெழுத்து.

செப்டம்பர் கடைசியில், ரொட்டிக் கடை வரிசையில்,
எனக்கு முன்னால் நின்ற ஆள் திரும்பினார்.
"எதிர்க்கட்டடம்தானே? ஆறாவது மாடி?
காலை ஐந்துக்கு உங்கள் வீட்டில் விளக்கு எரிகிறதே,
சில நாள் எரிவதில்லை.
டைமர் பழுதா? என்னிடம் நல்லது ஒன்று இருக்கிறது.
என்ன செடி வளர்க்கிறீர்கள்?"

வரிசை நகர்ந்தது.
பேர் தெரியாது என்றேன்.
அடிக்கடி வாடுகிறது.