கும்பிடும் கைகள்

ராத்திரி பதினொன்றுக்குப் பொன்னுரங்கம் வந்தார்.
"மச்சான் ஜெயிச்சுட்டாப்ல.
இருபதுக்குப் பத்து. காலையில அஞ்சு ரோட்டுல நிக்கணும்."
செல்போனில் படம் வந்தது.
நீலக் கோட்டு, சிவப்பு டை, பளீரென்று பல்வரிசை,
கீழே பெயர்: சித் ஈஸ்வர்.

எனக்கு அவரைச் சித்தேஸ்வரனாகத் தெரியும்.
யாரும் சீண்டாத திப்பியை
மில் வாசலில் அள்ளி
மாட்டுத் தீவனமாக விற்ற நாளில்
கடைக்குள் அவர் வந்துபோனால்
நான் ஊதுபத்தி கொளுத்துவேன்.
பிறகு சீலநாயக்கன்பட்டி தாண்டிச் சொந்தமாகச் சேகோ மில்.
திறப்பு விழா பேனர் நான்தான்.
இரண்டாவது மில், அதற்கும் நான்தான்.
குச்சிக்கிழங்கு விலை படுத்த வருஷம்
"சம்பாதிச்ச பேரை எதுலயாவது போடணும்ல" என்று
அம்மாபேட்டை வார்டில் சுயேச்சையாக நின்றார்.
சின்னம் தண்ணீர்க் குழாய்.
ஆறு பேனர், பாதிப் பணம் பாக்கி.
தோற்றது நாற்பத்தொரு ஓட்டில்.

எங்கள் வீட்டில் நான்கு ஓட்டு.
அது எங்கே விழுந்தது என்று அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவும் இல்லை.

மில்லை விற்றுவிட்டு
மகள் இருக்கும் ஒஹையோ போய்ச் சேர்ந்தார்.
அட்டைப்பெட்டிக் கம்பெனிகளுக்குப் பசைமாவு விற்றார்,
ஹைவே ஓரம் ஒரு மோட்டல், அப்புறம் இன்னொன்று.
வாசல் ரோட்டில் பனி அள்ளவில்லை என்று
சண்டை போட ஒரு கூட்டத்துக்குப் போனவர்
திரும்பி வரும்போது வேட்பாளர்.

அங்கே பேனரே கிடையாதாம்.
புல்தரையில் முட்டியளவு அட்டை நட்டுவைப்பார்களாம்.
முட்டியளவு அட்டைக்கு ஓட்டு விழும் ஊரை
தொழில்காரனாக என்னால் நம்ப முடியவில்லை.
நாலாயிரம் கதவு தட்டினாராம்.
ஒரு நாய் கடித்ததாம்.
மாநில சபைக்கு ஜெயித்தது முந்நூற்றுப் பன்னிரண்டில்.

"கும்பிடற மாதிரி படம் இல்லையே" என்றார் பொன்னுரங்கம்.
"கையைத் தொங்கப்போட்டு நின்னா
நம்மூர்ல எவன் மதிப்பான்?"

பழைய ஹார்டு டிஸ்கைத் தூசி தட்டினேன்.
'சித்தேஸ் வார்டு ஃபைனல் ஃபைனல்.'
கைகள் இருந்தன,
நகக்கண்ணில் மாவு வெள்ளையோடு.
மணிக்கட்டோடு வெட்டி எடுத்து
நீலக் கோட்டில் ஒட்டினேன்.
நிறம் சேரவில்லை.
கையை வெளுப்பதா, முகத்தைக் கருக்குவதா,
மூன்று மணிவரை இழுத்துப் பார்த்துவிட்டு
ரோஜா மாலை ஒன்றைப் போட்டு மறைத்தேன்.

பேனர் நின்றது ஒன்றரை நாள்.
அனுமதி இல்லையென்று மாநகராட்சி லாரி வந்தது.
புகார் கொடுத்தவரை எனக்குத் தெரியும்.
நாற்பத்தொரு ஓட்டு
அவருக்கும் இன்னும் உறுத்துகிறது போல.

அன்று இரவு வீடியோவில் கூப்பிட்டார்.
பின்னால் ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது.
"படம் பாத்தேன். கை யாருது?"
"உங்களுதுதாங்க. பழசு."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.
"உங்க வீட்ல நாலு ஓட்டுதான?" என்றார்.

எச்சில் விழுங்கினேன்.
"இப்ப அஞ்சுங்க.
பையனுக்குப் பதினெட்டு ஆயிருச்சு."