குறிப்பேட்டில் சேராதவை

வந்தவர்: பத்தொன்பது பேர், ஒரு நாய்.
நாயை எழுதவில்லை.

முதலில் பழைய செம்புக் கம்பி.
மழை பெய்தால் கரகரக்கும்.
வேல்ஸில் மழை பெய்யாத நாள் ஒன்றை
நான் இதுவரை குறித்ததில்லை.

அடுத்து, மலைமேல் கோபுரம்.
அலை வரும். நடுவில் ஓக் காடு.
"பனிக்காலத்தில் பறக்கும்,
மே மாதம் இலை விட்டால் போச்சு"
என்றாள் நெரிஸ்.
"அப்போ காட்டை வெட்டிடலாமா?"
கேட்டது யாரென்று தெரியும்.
எழுதவில்லை.

வானத்திலிருந்து வாங்கலாம்,
கூரைக்கு ஒரு தட்டு.
மாதக் கட்டணத்தைச் சொன்னதும்
ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

கடைசியாகக் கண்ணாடி இழை.
கம்பெனி கேட்ட தொகைக்கு
இந்தப் பள்ளத்தாக்கையே வாங்கி
மிச்சத்தில் வேலியும் போடலாம்.
நாமே தோண்டினால்?
கடப்பாரை நம்முடையது,
முதுகும் நம்முடையது.
ஒன்பது வயல். எட்டுக் கைகள் உயர்ந்தன.

மெய்ரிக் கை மடியிலேயே இருந்தது.
அவர் வயல் சரியாக நடுவில்,
தொண்டையில் சிக்கிய முள்.
"தண்ணீர்க் குழாய்க்கே வழி விடாதவர் என் அப்பா."
எழுதினேன்: ஒருவர் ஆட்சேபம். பிறகு தேநீர்.

அன்றிரவே அறிக்கை போயாக வேண்டும்.
பதினோரு மைல் தள்ளி நூலகம்.
பூட்டிய பிறகும்
சுவர் தாண்டிக் கசியும் அதன் வைஃபை.
வண்டி நிறுத்துமிடத்தில்
எனக்கு முன்பே ஒரு லேண்ட்ரோவர்,
உள்ளே நீல வெளிச்சம்.
ஸ்டியரிங்கில் சாய்த்த மடிக்கணினி,
பக்கத்து இருக்கையில் நாய்,
ஆட்டு மானிய விண்ணப்பம்
ஆறாம் பக்கத்தில் சுற்றிச் சுற்றி நின்றது.
நள்ளிரவோடு கெடு.

மெய்ரிக் கண்ணாடியை இறக்கினார்.
"குப்பைத்தொட்டி ஓரம் போடு வண்டியை.
அங்கே ரெண்டு கோடு கூட வரும்."
பல வருஷம் வந்துபோன குரல்.
வேறொன்றும் பேசவில்லை.
பதினொன்று ஐம்பத்தாறுக்கு
அவர் என்ஜின் உறுமியது.

மார்ச் கூட்டம், நான்காம் பொருள்:
மெய்ரிக் சம்மதம்.
வேலி ஓரமாக, மூன்றடி ஆழம்,
ஆடுகள் ஈன்று முடிந்தபின்.
அவர் மண்ணை அவரே தோண்டுவார்,
பிறர் மண்வெட்டி படக்கூடாது.

"என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள் நெரிஸ்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பேனா மூடியைத் தேடினேன்,
கையிலேயே இருந்ததை.

வந்தவர்: இருபது.